ஆயா சொன்னதும் டாக்டர் சொன்னதும்: தண்டையார்பேட்டை பல் கிளினிக், 4 ஸ்டார்

ஒரு ஸ்டாரை எதற்குப் பிடித்துக்கொண்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டது எட்டே காலுக்கு. ஆறு நாற்காலி, பதினாலு பேர், தலைக்கு மேலே சொட்டுகிற ஏசி. வயசானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் மாடிப்படி செங்குத்து என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மற்றபடி எனக்கு இந்த இடம் பிடித்துப்போனது.

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்கு வாரத்தில் இரண்டு நாளாவது போகிற ஆள் நான். அத்தோவோடு தருகிற வாழைத்தண்டு சூப்பைக் கொதிக்கக் கொதிக்க உறிஞ்சிவிட்டு, நாக்கு எரிகிறபோதே ஐஸ் போட்ட பன்னீர் சோடாவை மடமடவென்று இறக்குவது இருபது வருஷப் பழக்கம். இரண்டு மாதம் முன்னால் அப்படி இறக்கியபோது வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுரீரென்று ஒரு இழுப்பு, காது வரைக்கும் போனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எதைக் கடித்தாலும் வலி, அதுவும் கடிக்கும்போது இல்லை, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது. "சூட்டு மேல ஜில்லுன்னு ஊத்தாதடா, பல்லு வெடிச்சிடும்" என்று எங்கள் ஆயா சின்ன வயசில் திட்டியது இப்போது பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

முதலில் வேறொரு இடத்துக்குப் போனேன், பேர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து இரண்டே நிமிஷத்தில் ரூட் கேனால், கேப், மொத்தம் 14,000, இன்றைக்கே அட்வான்ஸ் என்றார்கள். எதனால் வலிக்கிறது என்று கேட்டால் "சென்சிடிவிட்டி சார்" என்று பதில். எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே இருக்கிற டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "ஐஸ் கட்டி கடிப்பீங்களா சார்?" என்பதுதான். சோடா தீர்ந்ததும் கிளாஸில் மிஞ்சுகிற ஐஸை நொறுக்கித் தின்பவன் நான், எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நல்லி எலும்பையும் ஒத்துக்கொண்டேன். கூட வந்த வீட்டுக்காரி சும்மா இல்லாமல், "ராத்திரில பல்லை நறநறன்னு கடிப்பார் டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அப்புறம் விரல்நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொல்லி, விடச் சொன்னார். மூன்று முனையிலும் ஒன்றுமில்லை. நாலாவதில், விட்ட நொடியில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து விளக்கை அணைத்துவிட்டு, பேனா மாதிரி ஒரு லைட்டைப் பல்லின் பக்கவாட்டில் வைத்து எதிரே இருந்த ஸ்கிரீனில் காட்டினார். நல்ல பல்லில் வெளிச்சம் முழுசாகப் பரவுகிறது. என் பல்லில் பாதியோடு நின்றுவிட்டது, அந்தப் பக்கம் இருட்டு, நடுவில் முடி மாதிரி ஒரு கோடு. எக்ஸ்ரேயில் இந்த மாதிரி விரிசல் பெரும்பாலும் தெரியாதாம்.

சூடும் ஜில்லும்தான் உடைத்ததா என்று கேட்டேன். ஆயா சொன்னதில் பாதி சரி என்றார். பல்லின் மேலே இருக்கிற எனாமலும் உள்ளே இருக்கிற டென்டினும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, அதனால் எனாமலில் மெல்லிய கோடுகள் விழலாம். என் முன்பல்லிலேயே நாலைந்து காட்டினார், அதற்கு வைத்தியமே தேவையில்லையாம். ஆனால் பல் ஒன்றும் கொதிக்கிற பாலை ஊற்றினால் பட்டென்று விடுகிற கண்ணாடி டம்ளர் இல்லை. வாயில் சூடு நிற்பதே சில நொடிதான், நல்ல பல்லை அது மட்டும் பிளக்காது. லேபில் ஃபில்லிங்கைச் சோதிக்கும்போது பல்லை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை முக்குவார்களாம், அதைக் கேட்டதும் என் சூப்பு சோடா மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

என் பல்லின் கதை வேறு. 2003ல் அடைத்த பெரிய வெள்ளி ஃபில்லிங் அதில் இருக்கிறது. அந்த உலோகம் பல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், போதாததற்கு அதற்காகக் குடைந்ததில் பல்லின் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அதன் மேல் வருஷக்கணக்காக ஐஸ், எலும்பு, ராத்திரிக் கடி. விரிசல் விட வைத்தது கடிதான், ஜில் தண்ணீர் உள்ளே போய்க் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். எலும்பு மாதிரி இது தானாக ஒட்டிக்கொள்ளாது, எனாமலில் உயிரணு கிடையாது.

ரூட் கேனால் வேண்டுமா என்றதற்கு அவசரப்படவில்லை. ஜில்லென்று பட்டதும் சுரீர் என்று வந்து உடனே போய்விட்டால் உள்ளே நரம்பு தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு, நிமிஷக்கணக்கில் விண்விண் என்று நின்றால்தான் கவலை என்றார். மரத்துப்போக ஊசி போட்டுப் பழைய ஃபில்லிங்கை எடுத்துப் பார்த்ததில் விரிசல் அடிவரை இறங்கவில்லை. வேர் வரைக்கும் போயிருந்தால் பல்லையே எடுக்க வேண்டியிருக்குமாம். தற்காலிகக் கேப் போட்டு மூன்று வாரம் பார்த்தோம், வலி நின்றது. அப்புறம்தான் நிரந்தரக் கேப். மொத்தச் செலவு 7,500, ராத்திரி பல்லைக் கடிக்காமல் இருக்க மாட்டிக்கொள்கிற உறைக்கு (நைட் கார்டு) தனியாக 2,000. ஒவ்வொன்றுக்கும் பில் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், டோக்கன் கொடுப்பதில் ஒரு முறையே இல்லை. வார நாளில் மதியம் போனபோது பத்தே நிமிஷத்தில் உள்ளே விட்டார்கள்.

அத்தோ கடைக்கு இப்போதும் போகிறேன். சூப்பும் உண்டு, சோடாவும் உண்டு. கடைசி வாய் குடித்ததும் கிளாஸைப் பிடுங்கி ஐஸைக் கால்வாயில் கொட்டுவது வீட்டுக்காரியின் வேலை.