பதிவுக்காகக் கைதா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் இலவச வக்கீல் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

சமூக வலைதளத்தில் போட்ட அரசியல் பதிவு ஒன்றுக்காக வாசலில் போலீஸ் வந்து நின்றால், குடும்பம் முதலில் தேடுவது பெரிய வக்கீலை. அவரைப் பிடித்து பீஸ் பேசி முடிப்பதற்குள் ரிமாண்ட் முடிந்து, ஆள் ஜெயிலுக்குப் போயிருப்பார். அந்த இடைவெளியில் கைகொடுப்பது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் சேவை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம்: கைதான முதல் 24 மணி நேரத்துக்கு இது முதல்தரமான சேவை. முன்ஜாமீனுக்குப் பரவாயில்லை. ஜாமீன் உத்தரவு வந்த பிறகான ஓட்டத்துக்கு இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

'இலவசம் என்றால் இரண்டாந்தரம்' என்ற நினைப்பு இரு மாவட்டங்களிலும் இன்னும் போகவில்லை. ஆனால் 2022-க்குப் பிறகு வந்த முறையில், இந்த வேலைக்கென்றே முழுநேர வக்கீல்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் தனிப்பட்ட முறையில் வேறு வழக்கு எடுக்கக் கூடாது. குற்ற வழக்கு மட்டுமே வேலை. உதவி பெறுபவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. டைப்பிங், நகல், டைரிக்காசு என்று யாராவது கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடமே எழுதிக் கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி.

யாருக்குக் கிடைக்கும்? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கைதானவர் எவ்வளவு வசதியானவர் என்றாலும் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்ஜாமீனில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: கைதாகாத ஆண், வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தே நாட்களைத் தொலைக்கிறார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரமே போதும் என்று ஏற்க இடம் தருகிறது. அதை எழுதிக்கொண்டு நேரே போய்விடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும், ஓசூர், அரூர் போன்ற ஊர்களில் அங்குள்ள நீதிமன்றத்தின் வட்டக் குழுவிலும் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் என்றால் 15100.

இந்தச் சேவையின் உண்மையான பலம் ரிமாண்ட் நேரத்தில்தான் தெரியும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது இரண்டு கேள்விகள் வரும்: "போலீஸ் மேல் புகார் இருக்கிறதா? வக்கீல் வைத்திருக்கிறீர்களா?" பயத்தில் பலர் "சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்ல வேண்டியது: "இல்லை ஐயா, சட்ட உதவி வக்கீல் வேண்டும்." முதல் முறை நிறுத்தும்போதே வக்கீல் தர வேண்டும் என்பது 1981-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம்.

அந்தச் சில நிமிடங்களில் வக்கீல் எதைப் பார்க்கிறார்? முதலில் பிரிவுகளை. பதிவுகளுக்கு வழக்கமாகப் போடுவது நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது), 353 (பொது அமைதியைக் கெடுக்கும் பேச்சு). இரண்டிலும் பொதுவாக 3 ஆண்டு வரை தண்டனை. ஜாமீன் மறுக்கப்படக்கூடியவைதான், ஆனால் 7 ஆண்டுக்கு உட்பட்டவை என்பதால், 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்புப்படி கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுதியாக வேண்டும். கைது, விசாரணை நடைமுறைக்கான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இன்படி, ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்திருக்கலாமே என்பதுதான் முதல் வாதம். பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் முதலில் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டாவது. வெறும் அவதூறு, அதாவது 356 மட்டும் என்றால் போலீஸ் தானாகக் கைது செய்யவே முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ எங்காவது எட்டிப் பார்த்தால் அது 2015 மார்ச் 24 அன்றே செத்துப்போன பிரிவு.

அடுத்தது கைதுக்கான காரணம். அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில், ரிமாண்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் தீர்ப்பு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. தமிழ்த் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், படிக்கத் தெரியாது என்பதை அந்த இடத்திலேயே வக்கீல் காதில் போடுங்கள்; அவராகக் கண்டுபிடிக்க வழியில்லை.

வக்கீலிடம் கொடுக்க வேண்டிய முக்கியமான பொருள் முழுப் பதிவு. புகாரோடு வருவது பெரும்பாலும் வெட்டிய ஸ்கிரீன்ஷாட். முன்பின் வரிகள், தேதி, நீங்கள் பதில் எழுதிய கமெண்ட் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஒரு சாதியையோ மதத்தையோ தூண்டியதா, ஆளும் தரப்பை விமர்சித்ததா என்று பிரித்துக் காட்ட முடியும். விமர்சனத்துக்கு அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பிரிவான 19(1)(ஏ) துணை நிற்கும். 19(2)-இல் இருக்கும் 8 காரணங்களுக்கு வெளியே அரசு கட்டுப்படுத்த முடியாது. வழக்கு வந்தபின் பதிவை அழிப்பது, போனை பார்மேட் அடிப்பது இரண்டும் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ளும் வேலை: "சாட்சியத்தைக் கலைப்பார்" என்று அரசுத் தரப்பு சொல்ல நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

பதிவு அடுத்தவரின் அந்தரங்கத்தைத் தொட்டுவிட்டால், வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொஞ்சம்தான் செய்ய முடியும். 1994-இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு, பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம், அதிகாரியின் அலுவல் செயலை விமர்சிக்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் அதிகாரியின் மகள் படம், வீட்டு முகவரி, செல் நம்பர் ஆகியவை அந்த வாசலுக்குள் வராது. ஊழல் பற்றிய நல்ல பதிவு ஒன்று அந்த ஒரு படத்தால் ஜாமீனில் அடிபடுகிறது.

உங்கள் அந்தரங்கமும் போனோடு போகிறது. பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105. மகஜரில் (பறிமுதல் செய்ததைப் பதியும் தாளில்) போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணும், போன் பூட்டியிருந்ததா என்பதும் இருக்கிறதா பாருங்கள். போனைத் திரும்பப் பெறத் தனி மனு வேண்டும். ஜாமீன் மனுவோடு அதுவும் தானாக வந்துவிடும் என்று இருக்காமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

சேவை தளர்வது உத்தரவுக்குப் பின். "தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்" என்று வந்தால், அவர்களைத் தேடுவது வக்கீல் வேலையல்ல. ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல், போட்டோ, இடது பெருவிரல் ரேகை, கூடவே வீட்டு வரி ரசீது ஆகியவற்றை உத்தரவு வருவதற்கு முன்பே தயார் செய்யுங்கள். கோர்ட் வாசலில் காசுக்கு நிற்கும் ஜாமீன்தாரரை நம்பாதீர்கள். ரசீது போலி என்றால் ஜாமீனே போகும். வெளிமாவட்ட ஜாமீன்தாரர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது 1978-இன் மோத்தி ராம் தீர்ப்பு; ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு இது உயிர். ஒரே வீடியோவுக்கு நாலு ஊரில் வழக்கு என்றால், அதே ஜாமீன்தாரர்களை எல்லா வழக்குக்கும் ஏற்கும்படி கேட்க 2024 ஆகஸ்ட் தீர்ப்பு இருக்கிறது. யாருமே கிடைக்காமல் 7 நாள் உள்ளே இருந்தால், ஜெயில் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் குடும்பமே போய்ச் சொல்லலாம்.

நிபந்தனைகளை உத்தரவு போடும்போதே பேச வேண்டும். அஞ்செட்டிக்காரரைத் தினமும் காலை 10.30-க்கு கிருஷ்ணகிரியில் கையெழுத்துப் போடச் சொன்னால் கூலி போச்சு. பக்கத்து ஸ்டேஷனைக் கேட்கச் சொல்லுங்கள். "இனி எழுதவே மாட்டேன்" என்ற நிபந்தனைக்குத் தலையாட்டாதீர்கள். யூடியூபர் சாட்டை துரைமுருகன் வழக்கில் 2024 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீனைத் திரும்பத் தந்தது. அவதூறாகப் பேசக் கூடாது என்று நிபந்தனை போடக் கேட்டபோது மறுத்துவிட்டது. அந்த உத்தரவின் நகலை வக்கீல் கையில் கொடுத்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.