"வண்டியைப் பார்க்க வராதீங்க" என்று சொன்னால், முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள்

பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரை இன்னமும் ஆசையாக வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டிக்காரர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுக்கு இன்சூரன்ஸ் வேறு மாதிரி, ஷோரூம் வேறு மாதிரி. பழைய வண்டி அடிபட்டால் வருகிற ஆட்களே வேறு.

என்னுடையது 1997 மாருதி ஜென், மதுரைப் பதிவு. பழைய உருண்டை ஜென், 993 சிசி அலுமினிய எஞ்சின், கார்புரேட்டர் மாடல். என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை கார் ஓட்ட வராது, பழகவும் மாட்டார். அதனால் வாங்கிய நாளிலிருந்து அது என் வண்டிதான். பள்ளிக்கூட வேலைக்கு, பிள்ளைகளை டியூஷனில் விட, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. பையன் கல்யாணத்தன்று பெண் மாப்பிள்ளையை அலங்கரித்த இன்னோவாவில் ஏற்றிவிட்டு, நான் சீர்த்தட்டுகளோடு ஜென்னில் பின்னால் போனேன்.

பழைய வண்டியை வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. 2012, 2017, 2022 என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்தி, காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறேன். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனபோது கூட முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். கதவுக் கைப்பிடி, பீடிங், ஹெட்லைட் என்று எது போனாலும் சென்னை புதுப்பேட்டையில் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து வாங்க வேண்டும். கார்புரேட்டரைத் தொடத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான் எனக்கு இருந்தார், அவரும் அறுபதைத் தாண்டியவர். "இத வித்துட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோம்மா" என்று வருஷா வருஷம் சொல்வார். சொல்லிக்கொண்டே ட்யூனிங் செய்துகொடுப்பார்.

விபத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. போன வருடம் வாடிப்பட்டியைத் தாண்டி நாலுவழிச் சாலையில், முன்னால் பஸ் நின்றது, நான் நின்றேன், பின்னால் வந்த சரக்கு வேன் நிற்கவில்லை. எனக்குத் தோள்பட்டையில் எலும்பு விரிசல். ஜென் முன்னும் பின்னும் நசுங்கிப் பாதி நீளமாகிப் போனது.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. ஆம்புலன்ஸ் வந்து என்னை ஏற்றும்போதே ஒரு ரெக்கவரி வண்டி வந்து நின்றுவிட்டது. யார் கூப்பிட்டார்கள் என்று இதுவரை தெரியாது. "ஸ்டேஷன்ல சொல்லிட்டோம், இன்சூரன்ஸ் கிளெய்ம் எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, நகருக்கு வெளியே இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒர்க்‌ஷாப் பெயரை இங்கே போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. இப்படி இழுத்து வருகிற வண்டிக்கு ரெக்கவரிக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பில் கமிஷன் உண்டு என்று பிற்பாடு என் மெக்கானிக் சொன்னார். அவருடைய பட்டறைக்கே இழுத்து வரச் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கையில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறபோது வண்டி எங்கே நிற்கிறது என்று யார் கேட்பார்கள்.

ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் பேச்சில் தேன் ஒழுகும். தினமும் போன் பண்ணுவார். "கை எப்படிக்கா இருக்கு? சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். வண்டியைப் பார்க்க வருகிறேன் என்று எப்போது சொன்னாலும் ஒரே பதில்: "வேணாம்க்கா, வராதீங்க. பாத்தீங்கன்னா மனசு தாங்காது. பழைய நெனப்போடயே இருக்கட்டும்." எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? சுற்றியிருந்தவர்கள் எல்லாம் "இரும்புக்கா அழுவே, உயிர் பொழச்சதே பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, என் துக்கத்தைத் துக்கம் என்று மதித்த ஒரே ஆள் அவர்தான். கேக்கில் கத்தி இறங்குவது போல் அந்தக் கனிவான பேச்சு வேலை செய்தது என்று இப்போது புரிகிறது.

ஏனென்றால், நான் போகாத அந்த நாட்களில் வண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் மெக்கானிக் தானாகவே ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கார்புரேட்டர் இல்லை. ஆல்டர்னேட்டர் இல்லை. முன் சீட் இரண்டும் இல்லை. நாலு சக்கரமும் மாறியிருக்கிறது, என்னுடைய புது டயர்களுக்குப் பதில் வழுக்கை டயர். டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக் கூட விட்டுவைக்கவில்லை. அடிபடாமல் தப்பிய பாகங்கள்தான் எல்லாமே. பழைய ஜென்னின் நல்ல பாகத்துக்கு இன்றைக்கும் தேடி அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள், நானே அப்படி அலைந்தவள்தானே. கேட்டால் "சேதத்த மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றப்ப பிரிச்சுக் காட்டணும்ல, அதான் கழட்டினோம், எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு" என்றார் சூப்பர்வைசர். உள்ளே என்றால் எந்த உள்ளே என்பதுதான் தெரியவில்லை.

இனி இன்சூரன்ஸ் கணக்கு. ஐந்து வருடத்துக்குள் இருக்கிற வண்டிக்கு ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பைத் தேய்மான அட்டவணைப்படி போடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால் கம்பெனியும் நாமும் ஒத்துக்கொள்கிற தொகைதான். என் பாலிசியில் 45,000. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், முழு இழப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதாவது எனக்கு 33,750 ரூபாயைத் தாண்டினால் போதும், கதை முடிந்தது. ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 1,60,000. என் வண்டி இருந்த கோலத்தில் எப்படியும் அது டோட்டல் லாஸ்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஐ.டி.வி. குறைவான பழைய வண்டியில் ஒரு கதவும் பானட்டும் போனாலே எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டு டோட்டல் லாஸ் ஆக்கிவிடலாம். முழு வண்டியும், நசுங்கின வண்டிகளை வாங்குகிற சால்வேஜ் புரோக்கர் கைக்கு வந்துவிடும்.

டோட்டல் லாஸ் என்றால் கம்பெனி 45,000 தந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்தேன், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நடந்தது வேறு. நசுங்கின வண்டிக்கு 18,000 மதிப்பு என்று ஏலத்தில் ஒரு விலை வைத்தார்கள். கம்பெனி எனக்கு 45,000-இல் கட்டாயக் கழிவு 1,000-ஐயும் அந்த 18,000-ஐயும் கழித்துக்கொண்டு 26,000 போட்டது. மீதி 18,000-ஐ ஏலம் எடுத்த புரோக்கர் நேரடியாக எனக்கு அனுப்பினார். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் இந்த ஏற்பாட்டில் நசுங்கின வண்டியை விற்றது கம்பெனி இல்லை, நான். ஆர்.சி.யில் இருப்பது என் பெயர், வாங்கியவர் பணம் போட்டது என் கணக்கில். இதை அந்த நேரத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

புரோக்கர் வந்த அன்று ஒர்க்‌ஷாப்பிலேயே எல்லாம் முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து, ஒரிஜினல் ஆர்.சி., ஆதார் நகல். "வண்டிய உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டு ஆர்.டி.ஓ.ல கேன்சல் பண்ணி உங்களுக்குக் காப்பி அனுப்பிடுவோம் மேடம்" என்றார். அதோடு ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி, பிரித்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை என்று 7,500 தனியாகக் கட்டினேன். பிரித்துத் திருடியதற்கு நானே கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று. வண்டி எதிரே நின்றது. சீட் இல்லாத அந்த உடம்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. என் வண்டி எண்ணுக்கு இ-சலான், கிருஷ்ணகிரி பக்கம் அதிவேகம். இணையத்தில் போய்ப் பார்த்தால் கேமரா எடுத்த படமும் இருக்கிறது. ஒரு நொடி, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. யாரோ சரி பண்ணி ஓட்டுகிறார்கள், வண்டி உயிரோடு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். நம்பர் என்னுடையது. வெள்ளை நிறமும் அதேதான். ஆனால் ஹெட்லைட் பெரிது, கிரில் வேறு. 2003-இல் ஜென்னுக்கு முகத்தை மாற்றினார்கள், அந்த முகம் இது. என் 1997 வண்டிக்கு அந்த முகம் கிடையாது.

முன்பக்கம் போன வண்டிக்குப் புது மாடல் முகத்தை மாட்டியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டினேன். அவர் உடனே தலையை ஆட்டிவிட்டார். அடிபட்டதில் சேசிஸே முறுக்கிக்கொண்டு போயிருந்தது, பில்லர் மடங்கியிருந்தது, அதை நிமிர்த்தி அந்த வேகத்தில் யாரும் ஓட்ட முடியாதும்மா என்றார். அப்படியென்றால் என் வண்டியின் ஆர்.சி.யும் எண்ணும் வேறொரு ஜென்னுக்குப் போயிருக்கிறது. புதுப்பித்து 2027 வரை செல்லுபடியாகிற ஆர்.சி. ஒன்றுக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருட்டு வண்டிக்கோ, காகிதம் செத்த வண்டிக்கோ அதைப் பொருத்திவிடலாம். டோட்டல் லாஸ் வண்டிகளின் ஆர்.சி.யைத் திருட்டு வண்டிகளுக்கு மாட்டுகிற கும்பல்களை நாட்டின் பல ஊர்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. நசுங்கின இரும்புக்கா 18,000 கொடுத்தார்கள்?

அபராதத் தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயந்தது வேறொன்றுக்கு. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டியை விற்றுக் கைமாற்றி இருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்த வெள்ளை ஜென் யார் மேலாவது ஏறினால் சம்மன் என் வீட்டு வாசலுக்கு வரும்.

புரோக்கர் போனை எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் "அவர் இன்சூரன்ஸ் அனுப்புன ஆளுக்கா" என்றார்கள், இந்த முறை சாப்டீங்களா என்று கேட்கவில்லை. இன்சூரன்ஸில் "அவர் ஏலத்தில் விலை கேட்டவர், விற்றது நீங்கள்" என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "வித்த வண்டிக்கு நாங்க என்னம்மா பண்றது" என்று அலுத்துக்கொண்டார்கள். சலான் படத்தையும், விபத்தன்று எடுத்த படத்தையும், 2003 மாடல் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டிய பிறகு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதையும் புரோக்கர் பணம் அனுப்பிய வங்கி விவரத்தையும் சேர்த்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்ததில், அந்த எண்ணின் மேல் எந்தப் பரிவர்த்தனையும் நடக்காதபடி தடை போட்டிருக்கிறார்கள். பதிவை ரத்து செய்யச் சொன்னால் வண்டியிலிருந்து வெட்டி எடுத்த சேசிஸ் எண் தகடு எங்கே என்கிறார்கள். அது என்னிடம் இருந்தால் நான் ஏன் இப்படி அலையப் போகிறேன்.

ஆகவே, உங்கள் வண்டி அடிபட்டு எங்காவது கிடந்தால், கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் முதல் நாளே நேரில் போங்கள். முடியாவிட்டால் விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். பானட்டுக்குள், சீட், டயர், ஸ்டெப்னி, மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், உங்கள் சாமான்களை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். டோட்டல் லாஸ் என்று முடிவானால் சால்வேஜை யார் எடுக்கிறார்கள், யார் விற்பவர் என்பதைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்குங்கள். அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் நீங்களே ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், விலை கொஞ்சம் குறைந்தாலும் அதுதான் நிம்மதி. மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி, ஓட்ட முடியாதபடி அழிந்துபோன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள், இல்லையென்றால் முடிந்த சீக்கிரத்தில், பதிவு அதிகாரிக்கு எழுதி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டியது உரிமையாளர்தான். அதைப் புரோக்கர் கையில் விடாதீர்கள். ஆர்.சி.யை யாரிடம் கொடுத்தாலும் தேதி போட்டு, அவர் அடையாள அட்டை நகலோடு எழுதி வாங்குங்கள். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள், பலருக்கு அது ஞாபகமே வராது.

இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஸ்டேஷனுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வேறு கார் வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான், எனக்கு இன்னும் மனசு வரவில்லை. பஸ்ஸில்தான் போகிறேன்.

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மதுரைப் பதிவு எண், காகிதத்தில் 1997 மாடல், ஆனால் பெரிய ஹெட்லைட் வைத்த வெள்ளை ஜென் விலைக்கு வந்தால், ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பார்த்தால் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லுங்கள்.