போஸ்ட்கிரெஸில் நாலு செஷன்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கிளிநொச்சியில் நெல் கொள்வனவுக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. காலபோகம் முடிந்ததும் எல்லா நிலையங்களின் பழைய, புதிய டேட்டாவும் ஒரே டம்ப்பாக, அதாவது டேட்டாபேஸின் நகல் கோப்பாக வரும். அதை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரே செஷனில், அதாவது ஒரே இணைப்பில்தான் ஏற்றுவோம். மாலையில் தொடங்கினால் விடிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. விடிய விடிய ஓடும் வேலைக்கு இனி இடமில்லை என்று ஆனது.

அப்போதுதான் டம்ப்பை ஏற்றும் பிஜி ரீஸ்டோர் கருவியின் ஜே தெரிவைத் தொட்டேன். ஒரே நேரத்தில் எத்தனை செஷனில் ஏற்றுவது என்று அதில் சொல்லலாம். வெறும் எஸ்கியூஎல் டம்ப்புக்கு அது உதவாது. கஸ்டம் அல்லது டைரக்டரி வடிவில் வாங்க வேண்டும். பேராசையில் எட்டு கொடுத்தேன். இயந்திரமோ நாலு கோர், பழைய ஹார்ட் டிஸ்க். ஒற்றைத் தராசு நிலையத்தில் எட்டு உழவு இயந்திரம் வரிசை கட்டிய கதைதான். நாலுக்கு இறக்கிய பிறகே வேகம் பிடித்தது.

அடுத்த சொதப்பல் என்னுடையது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் சீக்கிரம் முடியட்டும் என்று, அதைக் கட்ட ஒதுக்கும் நினைவகமான மெயின்டனன்ஸ் வொர்க் மெம்மை 64 எம்பியிலிருந்து 2 ஜிபிக்கு ஏற்றினேன். அது மொத்தத்துக்கு என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியாம். இருந்ததே 8 ஜிபி. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் ஒரு ப்ரோசஸைக் கொன்றது, போஸ்ட்கிரெஸ் முழுக்க விழுந்து எழும்பியது. இப்போது 512 எம்பி. ஏற்றும்போது மட்டும், டிஸ்கில் மாற்றப் பதிவுகள் எவ்வளவு சேரலாம் என்ற வரம்பான மேக்ஸ் வால் சைஸை 8 ஜிபி ஆக்குகிறேன், நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதும் செக்பாயிண்ட் அடிக்கடி குறுக்கிடாமல் இருக்க.

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மூன்று செஷன் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் நிறுவை டேபிளோடு மல்லுக்கட்டும். ஒரு டேபிளின் டேட்டாவை ஒரு செஷன்தான் ஏற்றும், பங்குபோடாது. இது புரிய எனக்கு ஒரு வருடம், டம்ப் அனுப்புகிறவர்களுக்குப் புரியவைக்க இன்னொரு வருடம்! கடைசியில் அந்த டேபிளை காலபோகம், சிறுபோகம் என்று ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு பார்ட்டிஷனாக, தனியாக ஏற்றக்கூடிய துண்டாகப் பிரித்தார்கள். இப்போது ஒன்றரை மணி நேரம். செஷன் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

ஒரு குறை இருக்கிறது. ஜே போட்டால் முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனில், அதாவது முடிந்தால் முழுதும் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற முறையில், ஏற்ற முடியாது. நடுவில் கரண்ட் போனால் பாதி டேட்டாபேஸ் அப்படியே கிடக்கும். அதனால் வேறு பெயரில் ஏற்றி, முடிந்த பிறகே பெயரை மாற்றுகிறேன். போன தடவையும் பாதியில் கரண்ட் போனது. காலையில் பெடியள் பழையதில் வழமைபோல அறிக்கை எடுத்தார்கள். நான் பக்கத்து மேசையில் புதியதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.