மண் இறக்கக் கணக்குக்கு எக்ஸெல் ஷீட்: பல வருடம் ஓட்டிய பிறகு

மதுரையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "மெட்ரோ சுரங்கம் தோண்டினா மேல மண் எவ்வளவு இறங்கும்னு பார்க்க இன்னும் அந்தப் பழைய ஷீட்டையா வச்சிருக்க? பெரிய சாஃப்ட்வேர் லைசென்ஸ் விலை குறைச்சிருக்காங்கடா, வாங்கலாமா?" இரண்டையும் நான் ஓட்டியிருக்கிறேன். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷீட் என்ன செய்யும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1969-ல் மண் பொறியியலாளர் பெக் மெக்சிகோ மாநாட்டில் வைத்த அதே மணி வடிவ வளைவுதான். சுரங்கத்தின் விட்டம், ஆழம், மண்ணுக்கான கே மதிப்பு (இறக்கம் எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதற்கான எண்), வால்யூம் லாஸ் (சுரங்கத்தின் பரப்பில் எத்தனை சதவீதம் மண் கூடுதலாக உள்ளே வந்துவிடுகிறது என்பது) என்று நான்கு எண்ணைக் கொடுத்தால் சாலையின் குறுக்கே எங்கே எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று சொல்லிவிடும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்த வளைவின் வடிவம் இத்தனை வருடத்தில் அநேகமாகக் காலை வாரியதில்லை. சென்னையில் மந்தைவெளிப் பக்கம் மேலே மணல், நடுவில் களிமண், கைக்கெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர். இப்படிப்பட்ட இடத்தில் ஏட்டுக் கணக்கு எங்கே எடுபடும் என்றுதான் தோன்றும். டி.பி.எம் (சுரங்கம் தோண்டும் இயந்திரம்) கடந்து போன பிறகு, சாலையின் குறுக்கே வரிசையாக நட்ட அளவுப் புள்ளிகளின் ரீடிங்கை வளைவின் மேல் போட்டுப் பார்த்தால், புள்ளிகள் கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவது டி.பி.எம் பக்கத்திலேயே வரும்போது மட்டும் வளைவு ஒரு பக்கம் சாயும். ஏற்கெனவே கலைந்த மண் அல்லவா, அதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது அந்த மஞ்சள் கட்டம். வால்யூம் லாஸ் சதவீதம் போடுகிற கட்டம்.

உதாரணத்துக்கு, 6.6 மீட்டர் விட்டத்தில் தோண்டுகிறோம், சுரங்கத்தின் மையம் 16 மீட்டர் ஆழத்தில், கே மதிப்பு 0.5 என்று வையுங்கள். மஞ்சள் கட்டத்தில் 1 போட்டால் நடுவில் இறக்கம் 17 மில்லிமீட்டர். 0.5 போட்டால் எட்டரை. 10 மில்லிமீட்டருக்குள்ளும் சரிவு 500-ல் 1-க்குள்ளும் இருந்தால் சாதாரணக் கட்டடத்துக்குப் பயமில்லை என்பது வழக்கமான முதல் வடிகட்டி. ஆக 0.5 போட்டால் தெருவே பச்சை. 1 போட்டால் நடுவில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டும். கே மதிப்பும் இதே மாதிரி ஆட்டம் காட்டும்தான், ஆனால் அதற்கு மண்ணைத் துளைத்துப் பார்த்த போர்ஹோல் ரிப்போர்ட்டாவது கையில் இருக்கிறது. மஞ்சள் கட்டத்துக்கு என்ன இருக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டிய விடையையே கேள்விக்குள் போடச் சொல்கிறது!

அந்த எண் மண்ணில் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். 6.6 மீட்டரில் தோண்டி, 6.35 மீட்டர் வெளிவிட்டத்தில் கான்கிரீட் ரிங் போட்டால் சுற்றியுள்ள இடைவெளியே தோண்டிய பரப்பில் 7 சதவீதத்துக்கு மேல் வரும். அதைக் கிரவுட் (சிமென்ட் கலவை) போட்டு உடனுக்குடன் நிரப்புவதால்தான் 1 சதவீதம் என்று பேசவே முடிகிறது. இரவு ஷிஃப்டில் கிரவுட் லைன் அடைத்துக்கொண்டால், முன்னால் இருக்கும் மண்ணைத் தாங்கிப் பிடிக்க டி.பி.எம் கொடுக்கும் முகப்பு அழுத்தம் கொஞ்ச நேரம் இறங்கினால், கீழ்ப் பாதியில் பாறையும் மேல் பாதியில் மணலும் வந்து பாறையைக் குடைகிற நேரத்தில் மணல் அதிகமாக உள்ளே வந்தால், எண் மாறிவிடும். ஷீட்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் பேருந்தும் காரும் உள்ளே இறங்கினவே, அந்த மாதிரிப் பள்ளத்தை எந்த மணி வளைவும் முன்கூட்டிச் சொல்லாது. அது இந்தக் கணக்கின் வேலையே இல்லை. ஆனால் மண்டபத்தில் கூட்டம் போட்டு வளைவைக் காட்டினால் மக்கள் கேட்பது அதைத்தான். ஒரு வீட்டுக்கார அம்மா நேராகவே கேட்டார்: "தம்பி, இந்த அரை சதவீதம்னு உனக்கு யாருப்பா சொன்னா?" சென்னையில் என்னிடம் யாரும் இதைவிடச் சரியான கேள்வி கேட்டதில்லை.

சரி, பெரிய சாஃப்ட்வேர். படம் அழகு, மாடலைச் சுற்றிச் சுற்றிக் காட்டலாம், கூட்டத்தில் மரியாதை கிடைக்கும். ஆனால் டூ-டி மாடலை ஓட்டினால் நாலாவது திரையில் அதுவும் கேட்கும்: சுரங்கம் எத்தனை சதவீதம் சுருங்க வேண்டும்? அதே மஞ்சள் கட்டம், விலை மட்டும் வேறு. அதோடு, மிகச் சிறிய அசைவில் மண் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதைச் சேர்க்காத எளிய மண் மாடலைப் போட்டால் இறக்கம் கோயில் குளம் மாதிரி அகலமாகப் பரவும், நடுவில் ஆழம் குறைந்து தெரியும். அது ஆபத்தான அழகு. ஸ்டேஷன் பள்ளம், கட்டடத்தைத் தாங்கும் ஆழமான அஸ்திவாரத் தூணான பைல் பக்கத்தில் போகும் சுரங்கம் போன்றவற்றுக்கு மட்டும் அது தேவை. அங்கே ஷீட்டால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. ஆரம்ப ரீடிங்கை மே மாதம் காய்ந்த களிமண்ணில் எடுத்துவிட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒப்பிட்டால் டி.பி.எம் வராமலே புள்ளிகள் மேலே ஏறியிருக்கும். அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை, கணக்கே எட்டரைதான். மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்புக் கூரை) வீடுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். புதிய சிமென்ட் பூச்சுதான் முதலில் விரிசல் காட்டும். இதுவும் எந்த ஷீட்டிலும் இல்லை.

அதனால் நண்பா, லைசென்ஸ் வாங்காதே. அந்தப் பணத்துக்கு முதல் 50 மீட்டரில் நெருக்கமாகப் புள்ளி நடு, ரீடிங்கிலிருந்து வால்யூம் லாஸைத் திருப்பிக் கணக்குப் போடு, அந்த எண்ணை வைத்து அடுத்த தெருவுக்குப் போ. அப்படி ஓட்டினால் இந்த ஷீட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் இன்றைய ரீடிங் வந்தது. ஷீட் எட்டு என்று சொன்ன இடத்தில் பதினான்கு. வடிவம் என்னவோ அச்சு அசல் அதே மணிதான். இரண்டு நட்சத்திரம், அதற்கு மேல் இன்றைக்குக் கிடையாது.