மூன்று வருஷமாக ஒரே கப்

நான் பயன்படுத்துவது மெடிக்கல் கிரேடு சிலிகானில் செய்த மாதவிடாய்க் கப், நாப்கினுக்குப் பதிலாகப் பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடித்துக்கொள்வது. நடுத்தர அளவு, 420 ரூபாய். வாங்கி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். எந்த அளவு, எவ்வளவு மென்மை என்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.

மாறியதற்குக் காரணம் ஒரு கை. எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வரும். ஒருநாள் அவசரத்தில் உலர் குப்பையோடு ஒரு பேப்பர் பொட்டலத்தையும் போட்டுவிட்டேன். வண்டியோடு வரும் அக்கா, பழைய பாட்டில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, தரம் பிரிக்க அதைப் பிரித்துவிட்டார். உள்ளே நான் சுருட்டி வைத்த நாப்கின்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "பரவால்ல கண்ணு, நாய் இழுத்துப் போடாம இருந்தாப் போதும்" என்றார். சொல்லிவிட்டுச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று முழுக்க அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

நாப்கினைப் பஞ்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரும்பாலான நாப்கின்களில் மேல் விரிப்பும் கறை படாத அடித்தாளும் பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழும், ஈரத்தை இழுத்து ஜெல்லாக மாறும் ஒரு வேதிப்பொடியும். கழிவறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்வது அந்தப் பொடி ஊதிப்போவதால்தான். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மாதத்துக்குப் பதினாறு ஆகும், வருஷத்துக்கு 192. இருபத்தைந்து வருஷத்தில் யார் யார் கை வழியாகவோ அத்தனையும் போயிருக்கிறது.

கப்பைக் கையில் கொடுத்தது எர்ணாகுளத்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள். அந்தப் பக்கம் இது புதிதே இல்லை. 2019-ல் ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 கப்களை இலவசமாகக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில், எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, நாட்டின் முதல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடிக் கிராமத்துப் பெண்களே பழகிக்கொண்டார்கள், உனக்கென்ன என்றாள்.

முதல் மூன்று மாதம் சுலபமில்லை. வாயை 'சி' மாதிரி மடித்து வைத்தேன், உள்ளே போய் விரியவில்லை, கசிந்தது. விளிம்பில் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அழுத்தி, தாமரை மொட்டு மாதிரி மடித்த பிறகுதான் சரியாக உட்கார்ந்தது. எடுக்கும்போது முதல் தடவை பயந்துபோனேன். கப்பின் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து இழுத்தால் வராது, வலிக்கத்தான் செய்யும். குந்தி உட்கார்ந்து, மூச்சை விட்டு, கீழே முக்கி, அடிப்பாகத்தை இரண்டு விரலால் கிள்ளினால் காற்று உள்ளே போகும். அப்புறம் தானாக இறங்கிவிடும். நாலாவது மாதத்திலிருந்து, வைத்திருப்பதே மறந்துபோகிறது. எட்டு மணி நேரம் பள்ளியில் நின்று பாடம் நடத்துகிறேன். வெயில் காலத்தில் தொடை உரசிப் புண்ணாகும் வேதனை போயே போய்விட்டது. இந்த ஒன்றுக்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

குறைகளும் உண்டு. காம்பு நீளமாக இருந்து குத்தியது. கத்தரித்து, நுனியை வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டேன். விளிம்புக்குக் கீழே ஊசிமுனை அளவில் நாலு துளை இருக்கும், அவை அடைத்துக்கொண்டால் வாடை வரும். கப் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள்; நாலு துளையிலும் நூல் மாதிரித் தண்ணீர் பீய்ச்சும். எந்தத் துளையில் வரவில்லையோ அதுதான் அடைத்திருக்கிறது. மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்க, தனியாக ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன். வெளியூர்க் கழிவறைகளில் உள்ளே குழாய் இல்லாவிட்டால் கஷ்டம், கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காப்பர்-டி போட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம், இழுக்கும்போது அது இடம் மாற வாய்ப்புண்டு. 'நமக்கெல்லாம் ஒத்துவருமா' என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். 2019-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில், 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. பழகிய பிறகு சுமார் 70 சதவீதம் பேர் தொடர்ந்து பயன்படுத்தவே விரும்பினார்கள். மீதி முப்பதில் ஒருவராக நீங்கள் இருந்தால் அதில் தப்பே இல்லை, துணி நாப்கின் இருக்கிறது.

சிலிகானும் மக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே பொருள், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம்கூட வரும் என்கிறார்கள். மாதம் 180 ரூபாய் நாப்கினுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் மாதமே போட்ட காசு திரும்பிவிட்டது.

என் மகளுக்குப் பதினாலு வயசு. அவளுக்கு இப்போதைக்கு நாப்கின்தான் வசதி, நான் கட்டாயப்படுத்தவில்லை. பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிய வட்டம் போட்டுத் தனியாகக் கொடுக்கிறாள். அந்த அக்கா இப்போது அதைப் பிரிப்பதில்லை.