டிஷ்வாஷர் கதவு ரப்பர்: மேலே பத்து நிமிஷம், கீழே அரை நாள்

"விலை இறங்கியிருக்கிறதே, டிஷ்வாஷர் வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் எல்லோரும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அடிப்பிடித்த மசாலாவும் போகுமா? போகும். பெரிய துணுக்குகளைத் தட்டிவிட்டு 70 டிகிரி புரோகிராமில் போட்டால் எவர்சில்வர் பாத்திரம் கையால் தேய்த்ததைவிடப் பளிச்சென்று வரும். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவையும், உப்புத் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டால், மெஷினே சமாளித்துவிடும். என் மெஷின் வருடக்கணக்கில் உழைத்த பிறகும் கழுவும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கதவின் அடி ரப்பர் போய்விட்டால் மாற்றுவது எவ்வளவு சுலபம்?

கதவில் இரண்டு ரப்பர்கள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. ஒன்று, உள்தொட்டியின் இரு பக்கமும் மேல்பக்கமும் சுற்றி வருவது, கவிழ்த்த 'ப' மாதிரி. கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது இதுதான். இன்னொன்று, கதவின் கீழ் விளிம்பில் ஒளிந்திருக்கும் நேரான பட்டை. 60 செ.மீ. அகல மெஷினில் இதன் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மேல் ரப்பர் பெரும்பாலும் நீராவியைத்தான் தடுக்கிறது. கதவின் உள்பக்கம் வழிந்து இறங்கும் தண்ணீரைத் தடுப்பது கீழே இருக்கும் பட்டை. தரையில் ஈரம் தெரிந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற மேல் ரப்பரை வாங்கி மாட்டுகிறார்கள். கசிவு அப்படியே தொடர்கிறது.

ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதவின் மேல் மூலைகளில் ஆவி வந்து, மேலே உள்ள பலகையின் அடிப்பகுதி உப்பியிருந்தால் மேல் ரப்பர். கதவின் அடியில், குறிப்பாக இடது அல்லது வலது மூலையில் சொட்டினால் கீழ்ப் பட்டை. மெஷினின் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தால் ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீர்க் குழாயைப் பாருங்கள்.

கீழ்ப் பட்டை நன்றாக இருந்தும் அடியில் கசிய வேறு காரணங்கள் உண்டு. கையால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூன் உள்ளே போனாலே நுரை பொங்கிக் கதவிடுக்கில் வழியும். ரின்ஸ் எய்ட் (பாத்திரம் கறையில்லாமல் காய, கடைசி அலசலில் சேரும் திரவம்) ஊற்றும்போது சிந்தியதைத் துடைக்காமல் விட்டாலும் அதே கதைதான். கீழ் ஸ்ப்ரே ஆர்மின் (சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கையின்) ஒட்டு பிளந்திருந்தால் அங்கிருந்து நேராகக் கதவின் அடியைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சும். நம் வீடுகளில் நடப்பது இன்னொன்று: பெரிய வாணலியைக் கீழ்க் கூடையின் முன்வரிசையில் கதவைப் பார்த்துச் சாய்த்து வைப்பது. மேல்நோக்கி வரும் தண்ணீரை அது கதவின் அடிக்குத் திருப்பிவிடும். வாணலியைப் பின்வரிசைக்குத் தள்ளியதும் கசிவு நின்ற வீடுகள் உண்டு. மெஷின் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். திறந்த கதவின் மேல் யாராவது கையூன்றிக் கீல் வளைந்திருந்தால், கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியும். அப்போது எத்தனை ரப்பர் மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் சொட்டினால்தான் ரப்பர் வாங்க வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் நடுவழியில் ரப்பரின் வடிவத்தை மாற்றியிருப்பார்கள். கதவின் விளிம்பில் இருக்கும் தகட்டிலுள்ள முழு எண்ணையும் கொடுங்கள். போஷ், சீமென்ஸ் மெஷின்களில் எஃப்.டி. என்று 4 இலக்கம் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கத்தோடு 20 கூட்டினால் தயாரித்த வருடம், அடுத்த இரண்டு மாதம். 9508 என்றால் 95 + 20 = 115, கடைசி இரண்டு இலக்கம் 15, ஆக 2015 ஆகஸ்ட். இரண்டு ரப்பரையும் ஒன்றாகவே வாங்கிவிடுவது நல்லது. ஒரே வயதுடையவை என்பதால் ஒன்று இறுகினால் மற்றதும் சீக்கிரமே இறுகிவிடும்.

மேல் ரப்பரை யாரும் மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதை ஒரு கீழ் மூலையில் பிடித்து இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். ரப்பர் உட்கார்ந்திருந்த காடியில் (பள்ளத்தில்) படிந்திருக்கும் வெள்ளை உப்பையும் பிசுக்கையும் சிட்ரிக் ஆசிட் கரைசலும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்தெடுங்கள். பிளீச்சிங் திரவம் வேண்டாம், எவர்சில்வரை அரிக்கும். பெட்டியில் மடிந்து வந்த புது ரப்பரைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் போட்டு வைத்தால் மடிப்பு நிமிரும். அதன் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, மேல்பக்க நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சமமாக அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். இழுக்காதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் சில நாளில் தன் நீளத்துக்குச் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். நீளம் மிஞ்சுகிறதே என்று வெட்டவும் கூடாது. மிஞ்சியதைப் பக்கவாட்டில் பரப்பி அழுத்தினால் உள்ளே போய்விடும்.

கீழ்ப் பட்டைக்கு வந்தால்தான் கோபம் வருகிறது. குக்கர் கேஸ்கெட்டை எந்தப் பாத்திரக் கடையிலும் வாங்கி ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடுகிறோம். அதே அழுக்கு, அதே சூடு, அதே தேய்மானம் உள்ள இந்தப் பட்டைக்காகக் கதவையே பிரிக்க வேண்டியிருக்கிறது. சில மாடல்களில் கதவைத் திறந்து பக்கவாட்டில் உருவினால் பட்டை வந்துவிடும். என் வீட்டு மாடல் அந்த ரகமல்ல.

இதில் முதலில் கீழே இருக்கும் கால்தடுப்புப் பலகையைக் கழற்ற வேண்டும். பிறகு கதவின் உள்பக்க விளிம்புகளில் வரிசையாக இருக்கும் ஸ்க்ரூக்கள். நட்சத்திரத் தலை, டி20 அளவு. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் தலை வழுக்கிவிடும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமல்ல. ஒரு தாளில் கதவை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது வெளித்தகட்டை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது நழுவி விழும். அதைவிட முக்கியமானது ஸ்பிரிங். வெளித்தகட்டின் எடைக்கு ஏற்றபடிதான் கதவு ஸ்பிரிங் இறுக்கப்பட்டிருக்கிறது. தகடு போனதும் கதவு லேசாகி, கையை விட்டால் படீரென்று மேலேறி மூடிக்கொள்ளும். விரல் கீல் பக்கம் இருந்தால் நசுங்கும். தகட்டு விளிம்புகள் கத்திபோல வெட்டும் என்பதால் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் பழைய பட்டை முழுதாக வராது. கழுவும் தண்ணீரின் வேகம் அங்கே எட்டாததால் எண்ணெய், சோப்புத்தூள், தண்ணீரின் உப்பு மூன்றும் சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். மூக்கு பிளையரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாகத்தான் வரும். காடிக்குள் சிக்கிய துண்டுகளை மரக்குச்சியால் நெம்புங்கள். கத்தி போட்டால் விளிம்பு கீறி, புதுப் பட்டையை நாளடைவில் அதுவே அறுக்கும். பிரிப்பதற்கு முன்பே செல்போனில் பழைய பட்டையைப் படமெடுத்து வையுங்கள், அதன் உதடு (தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய விளிம்பு) எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். திருப்பி மாட்டினால் தண்ணீரைத் தடுப்பதற்குப் பதிலாக வழிகாட்டி வெளியே அனுப்பும். புதுப் பட்டையைச் சோப்புத் தண்ணீர் தடவி நுழைக்கலாம். வாசலின், கிரீஸ் கூடாது. இந்த ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். சிலிக்கான் பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம். அடுத்த முறை பிரிக்கவே முடியாது. இரண்டு முனையும் சமமாக நீண்டு, மேல் ரப்பரின் முனைகளைத் தொட வேண்டும். கசிவு திரும்ப வருவது அநேகமாக இந்தச் சந்திப்பில்தான்.

மாட்டி முடித்ததும், கதவுக்கும் மேல் ரப்பருக்கும் நடுவே தாள் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். பாத்திரமில்லாமல் ஒரு சிறிய புரோகிராம், பிறகு ஒரு சுடுதண்ணீர்ப் புரோகிராம் ஓடவிட்டு, இரு கீழ் மூலையிலும் டிஷ்யூ தாளை வைத்துக் கவனியுங்கள். முதல் ஒன்றிரண்டு முறை ஓரிரு சொட்டு வந்தால் ரப்பர் இன்னும் படியவில்லை. அதற்கு மேலும் வந்தால் மூலையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. கதவுக் கீல், ரப்பர்கள், ஸ்ப்ரே ஆர்ம், ஃபில்டர், கூடை போன்றவற்றை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 வருடத்துக்குப் பயனர்களுக்கே நேரடியாக விற்க வேண்டும். சாதாரணக் கருவிகளால், மெஷினுக்குச் சேதமில்லாமல் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மாற்ற எத்தனை மணி நேரம் ஆகலாம் என்று அதில் இல்லை. டி20 ஸ்க்ரூ டிரைவரும் சாதாரணக் கருவிதான். நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. வாரண்டி முடிந்த மெஷினுக்கு ஆளை அழைத்தால் பாகத்தின் விலையைவிட வந்து போகும் கூலி அதிகமாவது இன்னும் சாதாரணமாகவே நடக்கிறது.

பட்டையின் ஆயுளைக் கூட்ட ஒரே வழி: வாரம் ஒருமுறை கதவை முழுதாகத் திறந்து, அடி விளிம்பையும் இரு மூலைகளையும் ஈரத்துணியால் துடைப்பது. உப்பு நிரப்பும்போது சிந்தியதைத் துடைத்து, உடனே ஒரு முறை ஓடவிடுங்கள்.

கழுவுவதற்கு மதிப்பெண் கேட்டால் தாராளமாகக் கொடுப்பேன். ஆனாலும் இந்த மாடலை இன்று யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. கடைக்குப் போனால் தள்ளுபடி அட்டையைப் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து, குனிந்து அடி விளிம்பைப் பாருங்கள். பட்டையின் முனை வெளியே தெரிந்து, விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகர்கிறதா? கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.