பழைய துணிப் பெட்டியும் பதினைந்து சதவீதக் கூப்பனும்

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழித்ததில் நான்கு பை பழைய துணி சேர்ந்தது. எரிக்க மனம் வரவில்லை. சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் இருக்கும் பெரிய துணிக்கடை வாசலில், பழைய துணி கொண்டுவந்தால் மறுசுழற்சிக்கு அனுப்புவோம், பைக்கு ஒரு 15 சதவீதக் கூப்பன் என்று ஆளுயரத் தட்டி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. குப்பை குறைந்த மாதிரியும் ஆயிற்று, பையனுக்குச் சட்டை எடுத்த மாதிரியும் ஆயிற்று என்று கணக்குப் போட்டு நான்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலில் நின்ற இளைஞர் சிரித்த முகமாக வாங்கி, நான்கு பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிக்குள் திணித்தார். பில் போடும் இடத்தில் கைக்கு வந்தவை இரண்டே கூப்பன்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டுதானாம். “அப்படியானால் மற்ற இரண்டு பைகளைத் திருப்பிக் கொடுங்கள்” என்றேன். “உள்ளே போட்டதை எடுக்க முடியாது சார்.” இந்த விதி மூன்றாவது பையைத் திணிக்கும்போது அந்த இளைஞருக்குத் தெரியாதா?

பையனுக்கு 1,799 ரூபாயில் ஒரு சட்டை, மனைவிக்கு 1,399 ரூபாயில் ஒரு குர்தா எடுத்தேன். மொத்தம் 3,198. கூப்பனை நீட்டினால் செல்லாது என்றார்கள். குறைந்தது 3,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும், தள்ளுபடிச் சீட்டு ஒட்டிய உருப்படி கணக்கில் சேராது, குர்தாவில் ஒட்டியிருந்தது. கூப்பனின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இதெல்லாம் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். தட்டியில் ஒரு வரிகூட இல்லை. சட்டையை மட்டும் முழு விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெறுங்கையோடு திரும்ப வீம்பு விடவில்லை.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்று மாலை அம்மா தன் அரக்கு நிறச் சுங்குடிப் புடவையைத் தேடினார். கஞ்சி போடக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தாராம். பழைய துணி என்று நினைத்துப் பையில் போட்டது நான்தான். அந்தத் தப்பைக் கடையின் தலையில் கட்டவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

கடை அடைப்பதற்குள் ஓடினேன். கைபேசி விளக்கைப் பெட்டியின் வாய்க்குள் அடித்துப் பார்த்தால், மேலாகக் கிடந்த பை பிரிந்து, அரக்கில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஒரு முழத் தூரம். கையை விட்டால் மணிக்கட்டோடு நிற்கிறது. மேலாளர் வந்தார், சாவி தங்களிடம் இல்லை, துணி எடுக்க வருபவர்களிடம்தான் இருக்கிறது, காலையில் வாருங்கள் என்றார். காலை பத்து மணிக்குப் போனேன். எட்டு மணிக்கே வண்டி வந்து பெட்டி காலியாகிவிட்டது. எந்த வண்டி, எந்த ஊர், யாருடைய கிடங்கு? அவருக்குத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ‘எங்கள் மறுசுழற்சிப் பங்குதாரரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தது. பங்குதாரருக்குப் பெயர் கிடையாது.

திருப்பூரில் வேஸ்ட் வியாபாரம் செய்யும் நண்பனிடம் புலம்பினேன். “ஆலையில் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் என்றால் புதுத் துணி, ஒரே ரகம், அரைத்து நூலாக்கலாம். உடுத்திய துணியில் பருத்தி, பாலியஸ்டர், லைக்ரா எல்லாம் கலந்திருக்கும். பட்டன், ஜிப் வேறு. இதில் எதைப் பிரிப்பது?” என்றான். நல்ல நிலையில் இருப்பவை மறுவிற்பனைக்கு, பருத்தி பட்டறைகளில் எண்ணெய் துடைக்க, கம்பளி பானிப்பட்டில் நிறவாரியாகப் பிரித்து நூலாக்கிப் போர்வைக்கு. பழைய சட்டை மறுபடி சட்டையாவது மிக அபூர்வம். உடைக்குச் செலவாகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் மீண்டும் உடையாகிறது என்று, பொருள்களின் மறுபயன்பாட்டுக்காக இயங்கும் பிரிட்டனின் எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-லேயே சொல்லிவிட்டது. சேஞ்சிங் மார்க்கெட்ஸ் என்ற அமைப்பு 2023-ல் ஐரோப்பியக் கடைகளில் இப்படிப் போட்ட 21 உருப்படிகளில் தடங்காட்டிக் கருவியை மறைத்து வைத்துப் பின்தொடர்ந்தது. முக்கால்வாசி அழிக்கப்பட்டன, கிடங்கில் முடங்கின, அல்லது ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. லண்டனில் கொடுத்த ஒரு பாவாடை மாலி நாட்டுப் பொட்டலில் கிடந்தது. என் நான்கு பைகளும் அப்படித்தான் போயின என்று நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல ஆளில்லை என்கிறேன்.

முன்பெல்லாம் தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அக்கா வருவார். ஒவ்வொரு புடவையையும் திண்ணையில் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு பேண்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்கூடப் பெயராது; கறார் பேர்வழி. ஆனால் அவரிடம் கொடுத்திருந்தால் அந்தச் சுங்குடியைப் பிரித்த நொடியே, “அம்மா, இது நல்ல புடவையாயிற்றே, தெரிந்துதான் போடுகிறீர்களா?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்திருப்பார்.

நீங்கள் போவதாக இருந்தால், பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதலில் கூப்பனை வாங்கிப் பின்பக்கத்தைப் படியுங்கள். துணியை எடுத்துப்போகும் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் பையோடு திரும்பிவிடுங்கள்.

இரண்டு கூப்பன்களும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. மாதக் கடைசி வரை செல்லும். முழு விலையில் 3,000 ரூபாய்க்கு எடுக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன். ஒரு பில்லுக்கு ஒன்றுதான்.